ஞாயிறு மாலையில் இன்னொரு வழிபாடு

காலை ஆராதனைக்கு வராத வாலிபர்களையும், கோயில் பழக்கமே இல்லாமல் முதன்முறை வாசல் மிதிப்பவர்களையும் மனத்தில் வைத்து, மாலை வேளையில் தனியாக நடத்தப்படும் எளிய வழிபாடு இன்று பல நாட்டுத் திருச்சபைகளில் உண்டு. பவனியும் அங்கியும் அதில் பெரும்பாலும் இருக்காது. ஜெப புத்தகத்தில் பக்கம் தேடுவதும், எப்போது எழுவது, எப்போது முழங்காலிடுவது என்று பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துச் செய்வதுமான சங்கடம் இருக்காது. நாற்காலிகள் வட்டமாகக் கிடக்கும். வருபவர் கையில் முதலில் தேநீர் கொடுப்பார்கள். செய்தியின் நடுவே கேள்வி கேட்கலாம்; ஜெபத்தைச் சீட்டில் எழுதிப் பீடத்தில் வைக்கலாம். வழிபாட்டின் ஒழுங்கை முன்கூட்டியே முடிவு செய்துவிடாமல், செய்து பார்த்து, பயன்பட்டதை வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுவதால் இதைச் சோதனை முயற்சி என்கிறார்கள்.

இப்படிப்பட்ட ஆராதனைகள் எங்கே வேரூன்றின, எங்கே கெட்டுப்போயின என்று பார்த்தால், இசைக்கருவிகளையும் வண்ண விளக்குகளையும் விடப் பெரிய காரணம் ஒன்று கண்ணில் படுகிறது. யாருக்காக அது தொடங்கப்பட்டதோ அவர்கள் கையில் பொறுப்பு எவ்வளவு வந்தது, அந்தப் பொறுப்புக்கு யார் யாரிடம் கணக்குக் கொடுத்தார்கள் என்ற இரண்டுமே அதன் ஆயுளைத் தீர்மானித்திருக்கின்றன.

மாலை வழிபாட்டை வெளியில் இருப்பவர்களை நோக்கித் திருப்பும் எண்ணம் நேற்று வந்ததன்று. இங்கிலாந்துத் திருச்சபையின் பொது ஜெப புத்தகத்தில் 1549 முதலே மாலை ஜெபம் இருக்கிறது. ஆனால் பதினெட்டாம் நூற்றாண்டில் பல ஊர்க்கோயில்களில் அது பிற்பகலிலேயே முடிந்துவிடும். மெழுகுவத்திச் செலவு ஒரு காரணம். இருட்டில் கூட்டம் கூடினால் ஒழுங்கு கெடும் என்ற அச்சம் இன்னொன்று. மெதடிஸ்டுகள் அந்த அச்சத்தை ஒதுக்கிவிட்டு, பகலெல்லாம் உழைத்தவர்கள் வரக்கூடிய நேரம் மாலைதான் என்று விளக்கேற்றிப் பிரசங்கித்தார்கள். எரிவாயு விளக்கு வந்தபின் மாலைக் கூட்டம் நகரமெங்கும் பரவியது. 1851 மார்ச் 30 அன்று இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வழிபாட்டுக்கு வந்தவர்களை எண்ணியபோது ஆங்கிலிக்கன் கோயில்களில் காலையிலும் மெதடிஸ்ட் கோயில்களில் மாலையிலும் கூட்டம் மிகுந்திருந்தது. நகரத் தொழிலாளர்களில் பெரும் பகுதியினர் எந்தக் கோயிலுக்கும் போவதில்லை என்பதையும் அந்தக் கணக்கெடுப்பின் அறிக்கை மறைக்காமல் சொன்னது.

அதன்பின் பத்தாண்டுகள் லண்டனில் துணிச்சலான சோதனைகள் நடந்தன. உரிமம் பெறாத இடத்தில், வீட்டாரைத் தவிர இருபது பேருக்கு மேல் கூடி வழிபடுவதற்கு அதுவரை சட்டத் தடை இருந்தது. ஷாஃப்ட்ஸ்பரி பிரபுவின் முயற்சியால் 1855-இல் அது தளர்ந்தது. 1857-இல் எக்ஸிட்டர் ஹால் என்ற பொது மண்டபத்தில் ஞாயிறு மாலை ஆராதனைகள் தொடங்கின. தம் சேகர எல்லைக்குள் தம்மைக் கேளாமல் நடப்பதை அந்தப் பகுதிக் குருவானவர் எதிர்த்ததால் ஆங்கிலிக்கன் குருமார் விலக நேர்ந்தது. பிற சபைப் போதகர்கள் அதே மண்டபத்தில் தொடர்ந்தார்கள். 1858 சனவரியில் வெஸ்ட்மின்ஸ்டர் அபே தன் பெரிய நடுக்கூடத்தை ஞாயிறு மாலைகளில் பொதுமக்களுக்குத் திறந்தது. ஆண்டு முடிவதற்குள் செயின்ட் பால் பேராலயமும் குவிமாடத்தின் கீழ் அதையே செய்தது. 1860-இல் ஆராதனை நாடகக் கொட்டகைகளுக்கே போயிற்று.

அப்படி ஹாக்ஸ்டன் பகுதியின் பிரிட்டானியா கொட்டகையில் நடந்த ஒரு ஞாயிறு மாலையைப் பார்க்க நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ் போனார். முந்தின இரவு அதே கொட்டகையில் நாடகம் பார்த்தவர்களையும் கவனித்திருந்தார். அவர் எழுதிய கட்டுரை இன்றும் இந்த வேலையில் இறங்குபவர்கள் படிக்க வேண்டியது. சனிக்கிழமை நாடகத்துக்கு வந்த கடைநிலை ஏழைகள் ஞாயிறன்று வரவில்லை. ஓரளவு வசதியானவர்களும் பிற சபைகளின் வழக்கமான உறுப்பினர்களுமே இடத்தை நிரப்பியிருந்தார்கள் என்பதை அவர் கண்டார். போதகர் தம் செய்தியில் ஒரு தொழிலாளியைக் கற்பனையாகப் படைத்து, அவனைத் தம் வசதிக்கேற்பப் பேசவைத்தது அவருக்குப் பிடிக்கவில்லை. கேட்பவர்களைச் சக பாவிகளே என்று அழைப்பதைவிடச் சக மனிதர்களே என்று அழைக்கலாம். சுவிசேஷத்தில் உள்ள கதைகளை அப்படியே சொன்னால் போதும், அவற்றைவிட வலியது எதுவுமில்லை என்பது அவருடைய கருத்து. அழைக்கப்பட்டவர்களுக்குப் பதிலாக வேறு யாரோ வந்து நிரம்புவதும், வராதவர்களின் குரலை மேடையில் இருப்பவரே கற்பனை செய்துகொள்வதும் இன்றைய மாலை ஆராதனைகளையும் விடாத குறைகள்.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் காரணங்கள் மாறின. இங்கிலாந்தில் 1994-ஆம் ஆண்டுச் சட்டத்தால் பெரிய கடைகள் ஞாயிறன்று ஆறு மணி நேரம் திறக்க அனுமதி கிடைத்தது. அங்கே வேலைக்கு நின்றவர்களில் மாணவர்களும் இளைஞர்களும் அதிகம். சிறுவர் கால்பந்துப் போட்டிகள் ஞாயிறு காலைக்கு வந்துவிட்டன. அதைவிட ஆழமான மாற்றம், தாத்தா பாட்டி காலத்திலேயே கோயில் பழக்கம் விட்டுப்போன குடும்பங்களில் ஒரு தலைமுறை வளர்ந்தது. திரும்பி வருவதற்கு அவர்களிடம் பழைய நினைவு எதுவும் இல்லை. ஞாயிறு காலையில் வேலையோ போட்டியோ உள்ளவர்களுக்கு நேரத்தை மாற்றுவது மட்டுமே உதவலாம். பழைய நினைவே இல்லாதவர்களுக்கோ வழிபாட்டின் நடையே புரியும்படி ஆக வேண்டும்.

அமெரிக்காவில் பில் ஹைபல்ஸும் நண்பர்களும் 1975-இல் இலினாய் மாநிலத்தின் பாலடைன் நகரில் வில்லோ கிரீக் என்ற திரையரங்கை வாடகைக்கு எடுத்து ஒரு சபையைத் தொடங்கினார்கள். அதற்கு முன் வீடு வீடாகப் போய், கோயிலுக்குப் போகாதவர்களிடம் ஏன் போவதில்லை என்று கேட்டார்கள். சலிப்பு, பழக்கமான சொற்களையே திரும்பத் திரும்பக் கேட்பது, எப்போதும் பணம் கேட்பது போன்ற பதில்கள் வந்தன. அவற்றை வைத்தே தேடுபவர்களுக்கான ஆராதனை ஒன்றை நாடகம், இசை, எளிய உரை என்று அமைத்தார்கள். விசுவாசிகளுக்கு வார நாளில் தனி ஆராதனை. உலகமெங்கும் பல சபைகள் இந்த வழியைப் பின்பற்றின. அந்தச் சபையே 2007-இல் வெளியிட்ட ஆய்வு, நிகழ்ச்சிகளில் அதிகம் பங்கெடுப்பதால் மட்டும் ஒருவர் விசுவாசத்தில் வளர்வதில்லை என்று ஒப்புக்கொண்டது. நன்றாகத் தயாரித்த மேடை ஆளைக் கொண்டுவரும். உட்கார வைத்துப் பார்வையாளராகவே விட்டுவிடவும் செய்யும்.

இக்காலத்தில் பிரிட்டனில் நடந்த முதல் பெரிய சோதனை ஷெஃபீல்டு நகரத்தில். குரூக்ஸ் பகுதியின் செயின்ட் தாமஸ் கோயிலில் 1986-இல் ஞாயிறு இரவு 9 மணிக்கு ஓர் ஆராதனை தொடங்கியது. அந்த நேரமே அதன் பெயராயிற்று. நடன விடுதிகளின் இசை, திரைகளில் ஓடும் படங்கள், இருட்டு, புகை எல்லாம் பழமையான ஜெபங்களோடு கலந்தன. சில ஆண்டுகளில் நூற்றுக்கணக்கான இளைஞர்கள் வந்தார்கள். பிற நாடுகளிலிருந்தும் பார்த்துப் படிக்க ஆட்கள் போனார்கள். 1993-இல் அது நகரின் ஒரு விளையாட்டு மையத்துக்கு இடம்பெயர்ந்தது. 1995 ஆகஸ்டில் எல்லாம் நொறுங்கியது. தலைவர் தம்மிடம் தவறாக நடந்துகொண்டதாகப் பல பெண்கள் வெளிப்படையாகச் சொன்னார்கள். முப்பது ஆண்டுகள் கழித்து, 2025-இல், அவர் 17 குற்றச்சாட்டுகளில் குற்றவாளி என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இதிலிருந்து இசைதான் கெடுத்தது என்று முடிவு கட்டியவர்கள் உண்டு. அது சரியான முடிவன்று. வழிபாட்டின் வெளி அழகைத் திருச்சபை வியந்துகொண்டிருந்தபோது, உள்ளே ஒரே மனிதரைச் சுற்றி அதிகாரம் குவிவதை யாரும் கேள்வி கேட்கவில்லை. அவருக்குக் குருப்பட்டம் வழக்கத்தைவிட விரைவாகக் கொடுக்கப்பட்டது. கண்காணிப்போ தளர்ந்தே இருந்தது. புதுமையைச் செய்பவர் என்பதற்காக ஒருவரை விதிகளுக்கு மேல் வைக்கும் சபை, தன்னிடம் நம்பி வந்த இளைஞர்களைக் கைவிடுகிறது. காயம்பட்ட பெண்களுக்கு நியாயம் கிடைக்க இத்தனை ஆண்டுகள் ஆனது மிகப் பெரிய துயரம்.

அதே காலத்தில் பின்லாந்தின் தலைநகர் ஹெல்சின்கியில் வேறு விதமாக ஒன்று பிறந்தது. அந்த நாட்டில் அப்போது பத்தில் ஒன்பது பேர் லுத்தரன் சபை உறுப்பினர். ஞாயிறு ஆராதனைக்கு வருபவர்களோ மிகச் சிலர். பிரசங்கிகள், இறையியலர், இசைஞர், சாதாரணச் சபையார் எனச் சுமார் நாற்பது பேர் கொண்ட குழு பல மாதங்கள் கூடிப் பேசி, 1988 ஏப்ரலில் அக்ரிகோலா கோயிலில் ஞாயிறு மாலை நற்கருணை வழிபாடு ஒன்றைத் தொடங்கியது. சந்தேகப்படுபவர்களும் தேடுபவர்களும் வரலாம் என்பதைப் பெயரிலேயே சொல்ல, உயிர்த்த ஆண்டவரின் காயத்தைத் தொட்டுப் பார்க்காமல் நம்பமாட்டேன் என்ற அப்போஸ்தலன் தோமாவின் பெயரை வைத்தார்கள். பரங்கிமலையிலும் சாந்தோமிலும் தமிழர் போற்றும் அதே தோமாதான் பனி நாட்டின் மாலை ஆராதனைக்கும் பெயர் தந்தவர்.

தோமா வழிபாட்டின் உயிர் அதன் நடுப்பகுதியில் இருக்கிறது. மன்றாட்டு நேரம் வந்ததும் கூட்டம் இருக்கைகளை விட்டு எழுகிறது. சிலர் பக்கப் பீடங்களில் மெழுகுவத்தி ஏற்றுகிறார்கள். சிலர் ஜெபக் குறிப்பை எழுதிப் பெட்டியில் போடுகிறார்கள். அவற்றில் சில பிறகு சபை நடுவே வாசிக்கப்படும். ஒருவர் மூலையில் குருவானவரிடம் தனியாகப் பாவ அறிக்கை செய்யலாம். இன்னொருவர் தமக்காக ஜெபிக்கும்படி தொண்டர் ஒருவரைக் கேட்டு, நெற்றியில் எண்ணெய் பூசிக்கொள்ளலாம். ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்து பாட்டைக் கேட்டுக்கொண்டிருப்பவரையும் யாரும் வற்புறுத்துவதில்லை. இவ்வளவும் நடக்க ஒவ்வொரு முறையும் பல பத்துத் தொண்டர்கள் தேவை. வரவேற்பவர், வாசிப்பவர், ஜெபச் சீட்டுகளைத் தொகுப்பவர், அப்பம் கொடுப்பவர், பின்னால் தேநீர் வைப்பவர் என்று வேலை பங்கிடப்படுவதால், மூன்றாம் முறை வந்தவருக்கும் ஏதாவது ஒரு பொறுப்பு கிடைத்துவிடுகிறது. நற்கருணை, விசுவாச அறிக்கை, திருமறை வாசகம் ஆகிய பழைய எலும்புக்கூடு கலையாமல் இருப்பதும் கவனிக்க வேண்டியது. பின்லாந்தின் பிற ஊர்களுக்கும், ஸ்காண்டிநேவிய நாடுகளுக்கும், ஜெர்மனிக்கும் இது பரவியதற்கு இந்த இரண்டும் சேர்ந்ததே காரணம் என்று சொல்லலாம்.

இளைஞர் என்றாலே உரத்த இசை வேண்டும் என்ற எண்ணத்தைத் தகர்க்கும் இடங்களும் உண்டு. அமெரிக்காவின் சியாட்டில் நகரத்து செயின்ட் மார்க் பேராலயத்தில் ஞாயிறு இரவு 9.30 மணிக்கு, படுக்கைக்குப் போகுமுன் துறவிகள் பாடும் இரவு ஜெபத்தை ஒரு சிறு ஆண்கள் பாடகர் குழு 1956 முதல் பாடிவருகிறது. பிரசங்கம் இல்லை, காணிக்கை இல்லை, அறிவிப்பு இல்லை. அரை மணி நேரம் மட்டும். 1962 முதல் வானொலியிலும் ஒலிபரப்பானது. அறுபதுகளின் பிற்பகுதியில் இருந்து மாணவர்கள் கூட்டமாக வந்து தரையிலும் தூண்களின் அடியிலும் போர்வை விரித்து உட்கார்ந்து கேட்கிறார்கள். பிரான்சின் தெசே கிராமத்தில் சகோதரர் ரோஜர் 1940-இல் தொடங்கிய துறவற இல்லமும் இதே பாடத்தைத் தருகிறது. பல மொழி பேசும் இளைஞர்கள் ஆயிரக்கணக்கில் வரத் தொடங்கியபோது, ஓரிரு வரிகளை மீண்டும் மீண்டும் பாடும் எளிய பாடல்களை ஜாக் பெர்த்தியே என்ற இசையமைப்பாளர் அவர்களுக்காக எழுதிக் கொடுத்தார். புத்தகத்தைப் பாராமல் இரண்டாம் சுற்றிலேயே யாரும் சேர்ந்து பாடலாம். பாட்டுக்கும் வாசகத்துக்கும் இடையே நீண்ட மௌனம். கூச்சமின்றிச் சேர்ந்துகொள்ள இடம் கிடைத்தால், மிகப் பழைய வழிபாடும் இளைஞருக்கு ஒத்துவருகிறது.

சட்டத்துக்குட்பட்ட ஜெப புத்தகம் உள்ள திருச்சபையில் இவ்வளவு சுதந்திரம் எப்படி முடிகிறது என்ற கேள்வி எழும். இங்கிலாந்துத் திருச்சபை அதற்கு ஒரு நல்ல வழி கண்டது. 1993-இல் திருவசன ஆராதனை என்ற ஒழுங்கை அங்கீகரித்தது. அது முழு வாசகங்களைத் தராமல் வெறும் சட்டகத்தைத் தருகிறது: தயாரிப்பு, திருமறை வாசிப்பும் விளக்கமும், மன்றாட்டு, நிறைவு. பாவ அறிக்கையையும் விசுவாச அறிக்கையையும் அங்கீகரிக்கப்பட்ட வடிவங்களிலிருந்து எடுக்க வேண்டும். மற்றவற்றை அந்தந்த இடத்தில் அமைத்துக்கொள்ளலாம். பிரசங்கம் என்பதில் நாடகம், நேர்காணல், கலந்துரையாடல், ஒளிப்படம் எல்லாம் அடங்கும் என்று அந்த ஒழுங்கின் குறிப்பே சொல்கிறது. 2017-இல் சபையாரின் ஆலோசனையோடு குருவானவர் அங்கி அணியாமலும் வழிபாடு நடத்தலாம் என்று விதி திருத்தப்பட்டது. எலும்பை வைத்துக்கொண்டு சதையை மாற்றும் இந்த அணுகுமுறை, எல்லாவற்றையும் கலைத்துப் போடுவதைவிட அறிவுடையது.

ஆராதனையைத் தொடங்கும் வேலை அறிவிப்புச் சீட்டு அச்சடிப்பதற்குப் பல மாதங்கள் முன்னரே தொடங்க வேண்டும். ஆறு முதல் பத்துப் பேர் கொண்ட குழு போதும். அதில் பாதிப் பேராவது அந்த ஆராதனை யாரை எண்ணி நடக்கிறதோ அவர்களாக இருப்பது அவசியம். ஐம்பது வயதுக்காரர்கள் கூடி இருபது வயதுக்காரர்களுக்கு என்ன பிடிக்கும் என்று ஊகிப்பது, டிக்கன்ஸ் கண்ட கற்பனைத் தொழிலாளியின் கதையாகவே முடியும். குழு முதலில் சேர்ந்து சாப்பிட வேண்டும், ஜெபிக்க வேண்டும், கோயிலுக்கு வராத நண்பர்களிடம் போய்க் கேட்டுவர வேண்டும். சபைக் கமிட்டியின் ஒப்புதல், சிறு நிதி, ஓராண்டு முடிவில் கூடி ஆராய ஒரு தேதி ஆகியவை எழுத்தில் இருந்தால் பிறகு மனத்தாங்கல் குறையும்.

இடத்தேர்வில் பலர் தவறுகிறார்கள். நானூறு பேர் அமரும் கோயிலில் முப்பது பேர் சிதறி உட்கார்ந்தால் தொடக்கத்திலேயே தோற்ற உணர்வு வரும். பாடகர் பகுதி, பக்க மண்டபம், பள்ளி அறை என்று ஆள் எண்ணிக்கைக்குப் பொருந்தும் இடமே நல்லது. வெளிச்சத்தைக் குறைப்பது மனத்தை ஒருமுகப்படுத்தும். ஆனால் படிக்க முடியாத அளவுக்கு இருட்டாக்கினால் புதியவர் தவித்துப் போவார். இசைக்குழுவை மேடையின் நடுவில் நிறுத்தாமல் ஓரத்தில் அமர்த்தினால், மற்றவர்கள் கேட்பவர்களாக மாறிவிடாமல் சேர்ந்து பாடுவார்கள். பாட்டின் சுருதி சாதாரணக் குரலுக்கு எட்ட வேண்டும். ஒரு மாலைக்கு ஒரு புதுப்பாட்டு போதும். வரிகளைத் திரையில் காட்டப் பதிப்புரிமை உரிமம் தேவை என்பதும் பலர் மறக்கும் செய்தி.

புதியவரை வரவேற்பதில் நுட்பம் வேண்டும். எழுந்து நின்று பெயர் சொல்லச் சொல்வது நம் சபைகளில் மரியாதையாகக் கருதப்படுகிறது. கூச்சமுள்ளவர் அதற்குப் பயந்தே மறுமுறை வராமல் போகலாம். வாசலில் ஒருவர் பெயர் கேட்டு, எங்கே உட்காரலாம், எத்தனை மணிக்கு முடியும், கழிப்பறை எங்கே என்று சொன்னால் போதுமானது. காணிக்கைப் பை வரிசையாக வரும்போது புதியவர் திகைப்பார். பெட்டியை வாசலருகே வைத்துவிடலாம். பவுல் யார், சங்கீதம் என்றால் என்ன என்பதை ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டு வாசகத்தைத் தொடங்குவது பழகியவர்களுக்கும் தீங்கு செய்யாது. விசுவாச அறிக்கையைச் சொல்ல மனம் இடம் தராதவர் அமைதியாக நிற்கலாம் என்று முன்பே அறிவிப்பது நேர்மையான செயல். நற்கருணை உண்டென்றால், யார் பெறலாம், பெறாதவர் ஆசீர்வாதத்துக்காக எப்படி வரலாம் என்பதையும் தெளிவாகச் சொல்ல வேண்டும்.

செய்தி பன்னிரண்டு, பதினைந்து நிமிடத்துக்குள் முடிந்து, சிறு குழுக்களாகப் பேச நேரம் விடுவது பல இடங்களில் கண்ட நல்ல வழக்கம். கேள்விகளைச் சீட்டிலோ கைப்பேசியிலோ எழுதி அனுப்பச் சொன்னால், வாய்திறக்கத் தயங்குபவரின் கேள்வியும் வரும். துன்பம், வேறு மதங்கள், பாலியல், அறிவியல் என்று கடினமானவையே முதலில் வரும். பதில் தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் போதகரை இளைஞர் நம்புகிறார்கள். லண்டனின் ஹோலி டிரினிட்டி பிராம்ப்டன் கோயிலில் 1977-இல் தொடங்கி, 1990-க்குப் பின் நிக்கி கம்பல் உலகமெங்கும் பரப்பிய ஆல்ஃபா வகுப்புகளின் அடிப்படையும் இதுவே: முதலில் சாப்பாடு, பிறகு சிறு உரை, பிறகு எந்தக் கேள்விக்கும் இடமுள்ள உரையாடல். உணவு இதில் ஒரு சலுகையாகச் சேர்க்கப்பட்டதன்று. ஒரே மேசையில் சாப்பிட்டவர்கள் மறுவாரம் ஒருவரையொருவர் பெயர் சொல்லி அழைப்பார்கள்.

சோதனை என்ற சொல்லை ஒவ்வொரு வாரமும் எல்லாவற்றையும் மாற்றுவது என்று எடுத்துக்கொண்ட குழுக்கள் விரைவில் களைத்துப் போகின்றன. புதியவருக்குத்தான் மாறாத சில அடையாளங்கள் அதிகம் தேவை. தொடங்கும் பாட்டு, முடிக்கும் ஆசீர்வாதம், நடுவில் வரும் மௌனம் இவை நிலையாக இருந்து, மற்றவை மாறலாம். மாதம் ஒருமுறை என்று தொடங்குவது குழுவின் உடம்புக்கும் குடும்பத்துக்கும் ஏற்றது. ஆனால் மாதம் ஒருமுறை மட்டுமே நடப்பதில் உறவு வளர்வது கடினம் என்பதால் இடைப்பட்ட வாரங்களில் வீட்டுக் கூடுகையோ சாப்பாடோ வேண்டும்.

ஷெஃபீல்டின் பாடத்தை எந்தச் சபையும் விட்டுவிடக் கூடாது. பதினெட்டு வயதுக்குட்பட்டவர்களோடு பழகும் தொண்டர்களின் பின்னணியைச் சரிபார்ப்பது, தனியறையில் இருவர் மட்டும் இருந்து ஆலோசனை பேசுவதைத் தவிர்ப்பது, புகார் செய்யக் குழுவுக்கு வெளியே ஒருவரை நியமித்து அவர் பெயரைச் சுவரில் எழுதி வைப்பது, பணத்தை இருவர் எண்ணுவது, தலைமையைக் குறித்த காலத்தில் மாற்றுவது எல்லாம் சலிப்பான வேலைகளாகத் தோன்றலாம். பிள்ளைகளை நம்பி அனுப்பும் பெற்றோருக்கு இவையே முதல் உறுதி.

மாலையில் வருபவர்கள் எப்போது காலை ஆராதனைக்கு வருவார்கள் என்று மூத்தவர்கள் கேட்பார்கள். பெரும்பாலும் வரமாட்டார்கள். மாலை ஆராதனையைக் காலைக்குப் போகும் பாலமாக எண்ணித் தொடங்கியவர்கள் ஓரிரு ஆண்டில் ஏமாற்றம் அடைந்திருக்கிறார்கள். இங்கிலாந்துத் திருச்சபை 2004-இல், ஆயர் கிரஹாம் கிரே தலைமையில் வெளியிட்ட அறிக்கை, இப்படிப் பிறக்கும் கூட்டங்கள் தம்மளவிலேயே சபைகள் என்று ஏற்றுக்கொண்டது. கேன்டர்பரி பேராயராக இருந்த ரோவன் வில்லியம்ஸ், பழைய சேகரங்களும் புதிய வடிவங்களும் ஒன்றையொன்று மதித்து அருகருகே வாழ வேண்டும் என்று வலியுறுத்தினார். 2016-இல் சர்ச் ஆர்மி அமைப்பு வெளியிட்ட ஆய்வு, 21 திருமண்டலங்களில் மட்டும் இப்படிப்பட்ட 1,100-க்கு மேற்பட்ட கூட்டங்களைக் கண்டது. அவற்றில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல், குருப்பட்டமோ தனி உரிமமோ பெறாத சாதாரணச் சபையாரால் நடத்தப்படுபவை. சிறியவை அவை, பெரும்பாலானவற்றில் சில பத்துப் பேர்தான்.

தமிழ்க் கிறிஸ்தவத்துக்கு இந்த எண்ணம் அந்நியமானதன்று. தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) குறவஞ்சி என்ற மக்கள் விரும்பிய கலை வடிவத்திலேயே பெத்லகேம் குறவஞ்சியை இயற்றினார். அவர் மரபில் வந்த கதாகாலட்சேபம் கோயில் ஆராதனைக்கு வெளியே கூட்டம் சேர்த்தது. மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் பணிபுரிந்த ஜே. தியாபிலஸ் அப்பாவு, பறட்டை என்று அன்போடு அழைக்கப்பட்டவர், நற்கருணை வழிபாட்டு ஒழுங்கு முழுவதையும் கிராமிய மெட்டில் அமைத்தார். ஒரே உலையில் பொங்கியதைப் பகிர்ந்து உண்பதை வழிபாட்டின் நடுவே வைத்தவர் அவர். இன்று லண்டனிலும் டொராண்டோவிலும் தமிழ்ச் சபைகளில் பெற்றோர் தமிழில் பாட, பிள்ளைகள் ஆங்கிலத்தில் தனிக் கூடுகை கேட்கும் நிலையும் இதே கேள்வியைத்தான் எழுப்புகிறது.

நம் ஊர்ச் சபைகளில் ஆண்டுக்கு ஒரு முறை வாலிபர் ஞாயிறு வருகிறது. அன்று வாலிபர்கள் வாசகம் வாசிப்பார்கள், பாடுவார்கள், காணிக்கை எடுப்பார்கள். மறுவாரம் எல்லாம் பழையபடி. மாலை ஆராதனை அந்த ஒரு நாளைப் போன்றதன்று. அதில் தீர்மானிக்கும் உரிமையும் கைமாற வேண்டும். இங்கே தொடங்குவதென்றால் கல்லூரி விடுதிகளும் பெண்கள் விடுதிகளும் எத்தனை மணிக்குக் கதவடைக்கின்றன, கடைசிப் பேருந்து எப்போது என்பதில் இருந்து திட்டமிட வேண்டும். வேலை தேடி வெளியூரிலிருந்து வந்து அறையெடுத்துத் தங்கியிருக்கும் இளைஞர்களையும், இந்த ஊர்ச் சபையில் சொந்தபந்தம் யாரும் இல்லாதவர்களையும் முதலில் நினைக்க வேண்டும். யார் எந்தக் குடும்பம், எந்தச் சாதி, எந்தச் சேகரம் என்று விசாரிக்காத ஓர் இடம் அவர்களுக்கு மிகவும் தேவைப்படுகிறது. சேகரக் கமிட்டிகள் மாதத்தில் ஒரு மாலையையும், மண்டபத்தின் ஓர் அறையையும், சாப்பாட்டுச் செலவையும் அவர்கள் பொறுப்பில் ஒப்படைத்து, ஓராண்டு பொறுத்திருந்து பார்க்கட்டும்.